வீட்டில் கார் வேலை செய்ய ஜாக்கியும் கைக்கருவியும்: எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய சிறிய கார். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை இடம் மாற்றிப் போடுவது, இந்த மூன்றையும் இனி வீட்டிலேயே செய்துகொள்ள ஆசை. 216 உருப்படி கொண்ட கருவிப் பெட்டியும் 2 டன் ட்ராலி ஜாக்கியும் (சக்கரத்தில் உருளும் ஜாக்கி) சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய ஜாக்கியைத் தருகிறேன் என்கிறார், அதை வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி வேண்டாம். ஜாக்கி உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதை ஒரு டேப்பை வைத்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஜாக்கியோடு கூடவே ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) வாங்க முடியாது என்றால், இப்போதைக்கு ஜாக்கியே வாங்காதீர்கள். பழைய ஜாக்கி பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கருவி வாங்கப் போகும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: வேலை நடுவே இது கைவிட்டால் என்ன ஆகும்? ஸ்டாண்டு கைவிட்டால் ஒரு டன் இரும்பு ஆள் மேல் இறங்கும். போல்ட் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட் கைவிட்டால் போல்ட் தலை மழுங்கும், விரல் முட்டி தோல் உரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். ஆயில் பிடிக்கிற தட்டு கைவிட்டால் தரை அழுக்காகும், அவ்வளவுதான். கையிலிருக்கும் காசையும் இதே வரிசையில்தான் பிரிக்க வேண்டும். பலர் செய்வது நேர் தலைகீழ். பளபளவென்று பெட்டி நிறையக் கருவி வாங்கிவிட்டு, ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லைத் தேடுவார்கள்.

சரி, ஜாக்கியிலிருந்து தொடங்குவோம்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கி வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டுவதற்கென்று செய்தது. அடி குறுகலானது, காரைத் தொடும் இடமும் ஒரு சாண் கூட இல்லை. கார் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலே சாய்ந்துவிடும். அது டிக்கியிலேயே இருக்கட்டும். பாட்டில் ஜாக்கி சின்னதாக இருந்தாலும் பலசாலி, விலையும் குறைவு. ஆனால் முழுக்க இறக்கிய நிலையிலேயே பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. உயரம் இருக்கும். சிறிய காரின் அடியில், அதுவும் காற்று இறங்கிய டயரோடு, அது நுழையவே நுழையாது. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டிகளுக்குத்தான் அது சரி. ஆகவே உங்களுக்குத் தேவை ட்ராலி ஜாக்கிதான், அதில் சந்தேகமில்லை.

ட்ராலி ஜாக்கி வாங்குகிற எல்லோரும் டன் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். சிறிய கார் ஒரு டன் சொச்சம்தான் இருக்கும். ஒரு மூலையைத் தூக்கினால் அதில் கால் பங்கு அல்லது கொஞ்சம் கூடுதல், முன்பக்கம் முழுவதையும் தூக்கினால் பாதி அல்லது அதற்குச் சற்று மேல். ஆகவே எடையைத் தாங்க 2 டன் தாராளமாகப் போதும். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு எண்களை: மிகக் குறைந்த உயரம், மிக அதிக உயரம். மலிவான 2 டன் ஜாக்கிகளில் பல, 13 அல்லது 14 செ.மீ.யில் தொடங்கி 33, 34 செ.மீ.யோடு நின்றுவிடும். காகிதத்தில் பார்த்தால் இருபது சென்டிமீட்டர் ஏறுகிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. ஏன் என்று பாருங்கள்.

காரின் பக்கவாட்டு அடிவிளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியை வைத்து அடிக்கத் தொடங்கினால் முதலில் ஏறுவது பாடி மட்டும்தான். சக்கரம் தரையிலேயே நிற்கும். அமுங்கியிருந்த ஸ்பிரிங் விரிந்து, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கிய பிறகுதான் டயர் தரையை விட்டு எழும். அதற்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடப் போய்விடலாம். இப்போது விளிம்பு 30 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. சாதாரண ஸ்டாண்டு மிகத் தாழ்ந்த நிலையிலேயே 27, 28 செ.மீ. இருக்கும். அதை ஒரு படி உயர்த்தி வைத்தால்தான் சக்கரம் தரையில் தொடாமல் இருக்கும். அதற்கு மேலேயும் நுழைக்க இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். 33 செ.மீ. ஜாக்கி சரியாக இந்த இடத்தில்தான் மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்போது ஆள் என்ன செய்வார்? ஜாக்கித் தலைமேல் ஒரு கட்டைத் துண்டை வைத்து மறுபடி தூக்கப் பார்ப்பார். கட்டை சறுக்கி விபத்து நடப்பது அப்படித்தான். ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் காரின் விளிம்பு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மிக அதிக உயரம் குறைந்தது 38 செ.மீ.யாவது உள்ள ஜாக்கியைத் தேடுங்கள். 45 கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஜாக்கி வைக்க வேண்டிய இடமும் ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடமும் பல கார்களில் ஒன்றேதான்: விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே கனமாகச் செய்த அந்தச் சிறு பகுதி. ஜாக்கி அங்கே உட்கார்ந்திருந்தால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? இதற்குச் சரியான வழி, முன்பக்கத்தின் நடுவில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்து இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கி, இரு பக்கமும் விளிம்பில் ஸ்டாண்டு வைப்பது. எந்த இடம் என்று காரோடு வந்த கையேட்டிலோ சர்வீஸ் கையேட்டிலோ படம் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் ஆயில் சம்ப்பிலோ (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ் அடியிலோ ஜாக்கி கொடுத்துவிடக் கூடாது. ஆனால் அந்தக் குறுக்குச் சட்டம் பம்பருக்குப் பின்னால் நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். குட்டை ஜாக்கி அதுவரை போகாது, போனாலும் கைப்பிடி பம்பரில் இடித்து மேலும் கீழும் ஆட இடம் இருக்காது. 3 டன் ஜாக்கியை நான் பரிந்துரைப்பது இதனால்தான். அந்தப் பலம் உங்கள் காருக்குத் தேவையில்லை. ஆனால் 3 டன்னாகச் செய்யும்போது உடல் நீளமாகிறது, கைப்பிடி நீளமாகிறது, தலை அகலமாகிறது, ஏறும் உயரமும் கூடுகிறது. நமக்கு வேண்டியது இவைதான். 2 டன்னிலேயே நீள உடல் கொண்ட மாடல் கிடைத்தால் தாராளமாக அதை வாங்குங்கள்.

எடை ஒரு விஷயம். இரும்பில் செய்த 3 டன் ஜாக்கி 30 கிலோவைத் தாண்டும். ஒரே மூலையில் கிடந்து அங்கேயே வேலை பார்க்கும் என்றால் இரும்பே நல்லது, விலையும் குறைவு. மாடிப்படி ஏற்றி இறக்க வேண்டும் என்றால் அலுமினியத்தைப் பாருங்கள், எடை நன்றாகக் குறையும். வேகமாக ஏறும் இரட்டை பம்ப்புக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை தூக்குகிற நமக்கு நாலு அடி அதிகமாக அடிப்பதில் என்ன நஷ்டம்?

கடையில் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தால் இவற்றைப் பாருங்கள். பற்றவைத்த இடங்கள் ஒரே சீராக இருக்கின்றனவா? தலை தாராளமாகச் சுழல்கிறதா? சக்கரங்கள் இரும்புதானா, தடையில்லாமல் உருள்கின்றனவா? இறக்கும் வால்வைத் திருகும்போது மெல்ல மெல்லத் திறக்கிறதா, இல்லை சட்டென்று முழுதாகத் திறந்துகொள்கிறதா? அப்புறம் முக்கியமாகக் கேட்க வேண்டியது: இந்த மாடலுக்கு சீல் கிட் தனியாகக் கிடைக்குமா? ஹைட்ராலிக் ஜாக்கியில் முதலில் போவது ரப்பர் சீல்தான். சீல் கிடைக்கிற ஜாக்கி இருபது வருடம் ஓடும். கிடைக்காததை முதல் கசிவோடு எடைக்குப் போட வேண்டியதுதான். மலிவு எது என்பது இங்கேதான் தெரியும்.

சக்கரம் உருள வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில்போல வளைந்து ஏறுகிறது. அதனால் காரைத் தூக்கத் தூக்க, ஜாக்கி தானாக முன்னே உருண்டு காரின் அடியில் போக வேண்டும். மண்ணிலோ ஜல்லியிலோ சக்கரம் புதைந்துகொண்டால் ஜாக்கி நகராது. அதற்குப் பதில் தலை சறுக்கும், இல்லையென்றால் கார் நகரும். தளம் சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மண் தரை தவிர வேறு இல்லை என்றால் கனமான பிளைவுட் பலகையை, ஜாக்கி உருளுவதற்கும் இடம் இருக்கும்படி பெரிதாகப் போடுங்கள். தூக்குகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். கை பிரேக் பல கார்களில் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இனி ஸ்டாண்டு. ஜாக்கியின் வேலை தூக்குவது, தாங்குவது அல்ல. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதை விடப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். ஒரு முறை பிரேக் பேட் மாற்ற முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, விளிம்புக்கு அடியில் ஸ்டாண்டை இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தேன். ஜாக்கி புதிதுதான், அது தாங்கிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை. காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) போல்ட்டோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த இரண்டு விரல் இடைவெளியைக் காணோம். விளிம்பு ஸ்டாண்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் வெளியே இல்லை. உள்ளே இருக்கும் வால்வு ஒன்றில் ஏதோ தூசி சிக்கி, எண்ணெய் மெல்லப் பின்வாங்கியிருக்கிறது. அன்றைக்கு ஸ்டாண்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து காரைத் தூக்கியதும் முதல் வேலை, எடை முழுவதையும் ஸ்டாண்டுக்கு இறக்கிவிடுவது.

ஸ்டாண்டில் இரண்டு வகை. ஒன்றில் நடுத்தண்டில் பல் வெட்டி, ஒரு கொக்கி அந்தப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றில் துளை போட்டு, கனமான பின்னைக் குறுக்கே செருக வேண்டும். பல் வகையில் உயரத்தை மாற்றுவது சுலபம். ஆனால் கொக்கி பல்லில் முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கிறதா என்பதில்தான் உயிரே இருக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடைத் தொடர் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் பத்து லட்சத்துக்கும் அதிகமாகத் திரும்பப் பெறப்பட்டன. தொழிற்சாலையில் அவற்றை வார்க்கும் அச்சுக் கருவிகள் தேய்ந்துபோனதால் சில ஸ்டாண்டுகளில் கொக்கி பல்லை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, சுமையோடு இருக்கும்போது ஸ்டாண்டு சட்டென்று இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம். அவற்றுக்குப் பதிலாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் ஒரு பகுதியில் பற்றவைப்புக் குறை இருந்து, அவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே கடையில் வாங்கும்போதே தண்டை ஒவ்வொரு பல்லாக ஏற்றி, மேலிருந்து கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். என் விருப்பம் பின் வகை. இல்லையென்றால், பல்லோடு சேர்த்துப் பாதுகாப்புப் பின்னும் செருகுகிற மாதிரி செய்தவை. எத்தனை டன் என்று எழுதியிருப்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் லேபிளில் படித்துவிடுங்கள்.

ஸ்டாண்டு மேல் இறக்கியதும் காருக்கு அடியில் தலையை நீட்டுவதற்கு முன், பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், செலவில்லாத இன்னொரு காவல் அது. வெயிலில் இளகிய தார்த் தளத்தில் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், அடியில் பலகை வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் எந்த நிலையிலும் கூடாது. இரும்பு வளையும், மரம் நெரிபடும், கல் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் உடையும்.

இதுவரை சொன்னதில் எதிலும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கைக்கருவியில் அப்படி இல்லை, அங்கே யோசித்து வாங்கினால் நிறைய மிச்சமாகும்.

அந்த 216 உருப்படிப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் குட்டிக் குட்டி ஸ்க்ரூ பிட்டுகளாக இருக்கும். ஆலன் கீ பத்துப் பதினைந்து. ஒரே அளவு சாக்கெட் மூன்று டிரைவில் (கைப்பிடி மாட்டும் சதுரத்தின் அளவு) மூன்று தடவை. உங்கள் காரைப் பிரிக்க வேண்டிய அளவு ஒன்றிரண்டு அதிலேயே இல்லாமல் போவதும் உண்டு. எத்தனை உருப்படி என்பது விற்பவருக்குப் பயன்படும் எண். உங்களுக்குப் பயன்படும் எண், உங்கள் காரில் இருக்கும் போல்ட்டின் அளவு. ஜப்பானிய, கொரியக் கார்களில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. வரும். ஐரோப்பியக் கார் என்றால் 13, 15, 16, 18 எல்லாம் தேவைப்படும், அதோடு நட்சத்திர வடிவத் தலை கொண்ட டார்க்ஸ் போல்ட்டுகளும் நிறைய இருக்கும். வீல் நட்டுக்கு 17, 19, 21 என்று காருக்குக் கார் மாறும். முதலில் இந்த மூன்று வேலைக்கும் எந்தெந்த அளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாளில் பத்து அளவுக்கு மேல் வராது.

வாங்க வேண்டிய மையம் இது: 3/8 இஞ்ச் டிரைவில் நல்ல ராட்செட் (சாக்கெட்டை மாட்டி, எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கைப்பிடி) ஒன்று, 8 முதல் 19 வரை ஒரு அளவும் விட்டுப்போகாத ஆறு முனை சாக்கெட்டுகள், வெவ்வேறு நீளத்தில் இரண்டு எக்ஸ்டென்ஷன் கம்பி. 10, 12, 14 மட்டும் ஆழமான சாக்கெட்டாகவும் இருக்கட்டும்.

ஆறு முனை என்று அழுத்திச் சொல்கிறேன். சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சிலவற்றில் ஆறு மூலை இருக்கும், சிலவற்றில் பன்னிரண்டு. பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையின் மூலைகளுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடிக்கும். புது போல்ட்டில் வித்தியாசம் தெரியாது. பத்து வருடம் மழையும் சேறும் பார்த்து, துருவில் கால் மில்லிமீட்டர் தேய்ந்த காலிப்பர் போல்ட்டில் அழுத்திப் பாருங்கள்: ஒரு 'டக்', கை முன்னே பாயும், போல்ட்டின் ஆறு மூலையும் மொட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அதைக் கழற்றுவது தனிக்கதை. ஆறு முனை சாக்கெட் மூலையை விட்டுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் பிடிக்கிறது. அதே போல்ட் அதில் மழுங்காமல் வந்துவிடும்.

ராட்செட்டில் பல்லின் எண்ணிக்கையைப் பாருங்கள். 72 பல் இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் 5 டிகிரி ஆட்டினால் போதும், 24 பல் என்றால் 15 டிகிரி ஆட்ட வேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழையாத சந்தில் இந்தப் பத்து டிகிரிதான் வேலையை முடித்துக்கொடுக்கும். 72-க்கு மேல் எவ்வளவு கூடினாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் இறுகிப்போன போல்ட்டை ராட்செட்டில் பைப் மாட்டித் திருகாதீர்கள், உள்ளே இருக்கும் பொடிப் பல் உதிர்ந்துவிடும். அதற்கென்று இருப்பது பிரேக்கர் பார்: பல், ஸ்பிரிங் எதுவும் இல்லாத வெறும் நீளக் கம்பி, முனையில் அரை இஞ்ச் டிரைவ். கருவி உலகில் போட்ட காசுக்கு இவ்வளவு உழைக்கிற பொருள் வேறு இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். காரோடு வந்த வீல் ஸ்பேனர் 25 செ.மீ. நீளம் என்றால், 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். அதே 40 கிலோவை 60 செ.மீ. கம்பியின் நுனியில் கொடுத்தால் 235. ஏறி மிதிக்கிற வேலையே இல்லை, நின்ற இடத்திலிருந்து இழுத்தாலே நட் இளகும். வீல் நட்டை இளக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் என்பதை மறக்க வேண்டாம். தூக்கிய காரில் இந்தப் பலத்தைக் காட்டினால் கார் ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும்.

அடுத்து டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ரெஞ்ச். இதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது ராட்செட்டுக்கு அடுத்த கருவி. ஆயில் சம்ப்பின் போல்ட்டைக் கை கணக்கில் இறுக்கி அலுமினிய மரையை உரித்துவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு டார்க் ரெஞ்சின் விலையைப் போலப் பல மடங்கு அதில் போயிருக்கும். எது வாங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் வாங்குவது 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ள அரை இஞ்ச் ரெஞ்ச். ஆனால் ஆயில் போல்ட் பல கார்களில் 30, 40-க்குள்தான், காலிப்பரின் ஸ்லைடு போல்ட் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். கிளிக் வகை ரெஞ்சை அதன் அளவுக்கோட்டின் அடிப்பகுதியில் நம்ப முடியாது. உங்கள் கையேட்டில் வீல் நட் 100-ஐ ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் (சிறிய கார்களில் பெரும்பாலும் அப்படித்தான்), 20 முதல் 110 வரை உள்ள 3/8 இஞ்ச் ரெஞ்ச் ஒன்றே மூன்று வேலையையும் முடிக்கும். சரியான அளவைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். 'கிளிக்' என்றதும் நிறுத்திவிட வேண்டும், நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு கிளிக் கொடுக்கக் கூடாது. எதையும் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவுக்கோட்டின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம்.

ஸ்பேனரில் ஒரு பக்கம் வாயும் மறுபக்கம் ரிங்கும் உள்ளதாக 8 முதல் 19 வரை ஒரு செட். இளக்கும்போது ரிங் பக்கம், இளகியதைச் சுழற்றி எடுக்கும்போது வாய்ப் பக்கம். பிரேக் குழாயின் நட்டைத் தொடுவதாக இருந்தால் சாதாரண வாய் ஸ்பேனர் கூடாது. அந்த நட் எளிதில் மழுங்கும், மழுங்கினால் குழாயையே மாற்ற வேண்டி வரலாம். அதற்கென்று வாயில் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று வேலைக்கும் அது தேவைப்படாது. தேவை வரும்போது வாங்கலாம்.

திருப்புளி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானியக் கார்களில் சிலவற்றில் பிரேக் டிஸ்கை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். பார்த்தால் கூட்டல் குறித் தலை கொண்ட சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும். ஆனால் அது ஜப்பானியத் தர அளவு, தலையில் பல சமயம் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். சாதாரண ஸ்டார் திருப்புளி அதன் குழியின் அடிவரை இறங்காது. முறுக்கினால் மேலே வழுக்கி ஏறி, குழியைத் துருவிவிடும். அந்த அளவுக்கான திருப்புளியும், சுத்தியலால் அடித்தால் தானே திரும்புகிற இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் இரண்டே அடியில் கழன்றுவிடும். பேட் மட்டும் மாற்றும்போது டிஸ்கைக் கழற்ற வேண்டியதில்லை, டிஸ்க் மாற்றும் நாள் வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

பிரேக் பேட் வேலைக்கு ஒரு பெரிய சி கிளாம்ப் போதும், காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள. பின்பக்கமும் டிஸ்க் பிரேக் இருந்து, கை பிரேக் அந்தக் காலிப்பரிலேயே வேலை செய்தால், அந்தப் பிஸ்டனை நேராகத் தள்ளக் கூடாது, திருகித்தான் உள்ளே விட வேண்டும், அதற்குத் தனிக் கருவி. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கட்டிவைக்க ஒரு முழம் கம்பி. ஆயில் வேலைக்கு ஃபில்டர் அளவுக்கான கிண்ண ரெஞ்சும், ஆயில் போல்ட்டுக்குப் புது வாஷரும்.

மிச்சமெல்லாம் மலிவாகவே இருக்கட்டும்: சுத்தியல், கம்பி பிரஷ், ஆயில் தட்டு, காந்தக் கிண்ணம், கையுறை. குறடு மட்டும் ஒன்று நல்லதாக வாங்குங்கள். நட்டைத் தட்டித் தட்டித் திருகும் பேட்டரி இம்பாக்ட் கன் இப்போதைக்கு வேண்டாம். பின்னால் வாங்கினாலும் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டாதீர்கள், தெறித்து உடையும். அதற்கென்று கறுப்பு நிறத்தில், சுவர் தடிமனான சாக்கெட் இருக்கிறது.

பழைய பொருள் வாங்கலாமா என்றால், ஸ்பேனரும் சாக்கெட்டும் தாராளமாக வாங்கலாம். அடித்துச் செய்த பழைய ஸ்பேனர் மேலே துருப்பிடித்திருந்தாலும் வாய் விரியாமல் இருந்தால் புது மலிவு ஸ்பேனரை விட உழைக்கும். பழைய டார்க் ரெஞ்ச் வேண்டாம், அது எத்தனை தடவை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பற்றவைத்து ஒக்கிட்ட ஸ்டாண்டை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இனி அந்தப் பழைய ஜாக்கி. வாங்குவதற்கு முன் அதை வைத்து உங்கள் காரின் முன்பக்கத்தைத் தூக்குங்கள், யாரும் அடியில் போக வேண்டாம். ஜாக்கித் தலைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். ஒரு மில்லிமீட்டரும் இறங்கவில்லை என்றால் நல்ல ஜாக்கி. இறங்கினாலும் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். காரை இறக்கிவிட்டு, வால்வைத் திறந்து வைத்தபடி கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை அடித்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். கை முழுக்கத் தாழ்ந்த நிலையில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து நிரப்பிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஊற்ற வேண்டியது ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் மட்டும்தான். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊதி நாசமாகும். அப்படி யாராவது முன்பே ஊற்றியிருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். பிறகும் இறங்கினால் சீல் கிட் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஏற்றிய நிலையில், வெளியே நீளும் பிஸ்டன் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது சீல் போட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். துரு அரித்துச் சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துக்கொண்டே இருக்கும், நன்றி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கினீர்கள் என்றால் வேலை முடிந்ததும் முழுக்க இறக்கியே வையுங்கள், தண்டு எண்ணெய்க்குள் இருக்கும்வரை துரு அதைத் தொடாது.